கப்பலால் இறங்கிய அன்றே திருகோணமலைக்கு வெளிக்கிடலாமா?

நிலாவெளி வாசகி ஒருவரின் கேள்வி
2025 ஜூலை 6

ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல் பயணம் பதிந்திருக்கிறோம். மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். கப்பல் காலையில் சிங்கப்பூர் வந்து சேரும். அன்றைக்கே பிளேன். கட்டுநாயக்கவில் இரவு பத்தரைக்கு இறங்குவோம். வான் சொல்லி வைத்தால் விடியும்போது வீட்டில் நிற்கலாம் என்கிறார் இவர். கப்பலோடு பயணம் முடிந்தது, மிச்சம் வெறும் ரோட்டுத்தானே, அதற்கு ஏன் விடுதிக் காசு என்று கேட்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு

தங்குங்கள். வாதம் வேண்டாம், நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கப்பலில் கடைசி நாள் காலை ஆறு மணிக்காவது எழும்பியே ஆக வேண்டும். சிங்கப்பூர் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது. அப்படியென்றால் இலங்கை நேரத்துக்கு அது அதிகாலை மூன்றரை. இரவு பத்தரைக்கு இறங்கி, கடவுச்சீட்டு வரிசை, பெட்டி எல்லாம் முடிய பதினொன்றரை. வீட்டு வாசலில் விடிய ஐந்து மணி. இருபத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல் மாமாவும் மாமியும் முழிப்பு. வானில் படுக்கலாமே என்பார் உங்கள் வீட்டுக்காரர். பிள்ளைகள் படுப்பார்கள். வயதான ஆட்களுக்கு அந்த இருக்கையில் கழுத்து நோவதுதான் மிச்சம்.

நீர்கொழும்பிலும் கட்டுநாயக்கவைச் சுற்றியும் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய உண்டு. ஆறு பேருக்கு இரண்டு அறை போதும். காலையில் ஆறுதலாகச் சாப்பிட்டு வெளிக்கிட்டாலும் பின்னேரத் தேத்தண்ணிக்கு நிலாவெளிக்குப் போய்விடலாம்.

"மிச்சம் வெறும் ரோட்டு" என்ற கதைக்கு நாளைக்கு வருகிறேன். அதை என்னால் ஒத்துக்கொள்ள ஏலாது.

ஜூலை 7

நாங்கள் போனதும் சிங்கப்பூரில் இருந்துதான். தம்பி அங்கே வேலை, அவன்தான் பதிந்தான். அம்மா, சித்தி, நான். ஜெண்டிங் ட்ரீம், 335 மீட்டர் நீளக் கப்பல். ஊரில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நின்று துறைமுகத்துக் கப்பல்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த அம்மாவுக்கு, அவ்வளவு பெரிய ஒன்றுக்குள் தானே படுத்து எழும்புவது நம்ப முடியாத சந்தோசம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிற்காது. கேள்வி திரும்பி வருவதைப் பற்றியது.

வீட்டுக்கு வருவது இறங்குகிற காலையில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தின இரவிலேயே தொடங்கிவிடும். பின்னேரம் அறைக்குள் பெட்டிக்குக் கட்டும் பட்டைகள் வைத்துவிட்டுப் போவார்கள். நிறம் அல்லது இலக்கம் போட்டிருக்கும். அதைக் கைபிடியில் சுற்றி ஒட்டி, பெட்டிகளை இரவு படுக்க முன் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில் அந்த நிறத்துக்கு உரிய இடத்தில் உங்கள் பெட்டி நிற்கும். நல்ல ஏற்பாடு, வயதானவர்கள் பாரம் இழுக்கத் தேவையில்லை. ஆனால் வெளியே வைத்த பெட்டி பிறகு உங்கள் கைக்கு வருவது தரையில்தான்.

சித்தி தன் சீனி வருத்தக் குளிசையைப் பெரிய பெட்டியின் பக்கத்துப் பையில் வைத்துவிட்டார். காலையில் நினைவு வந்தபோது பெட்டி எங்கேயோ கப்பலின் அடித்தட்டில். சாப்பிட முன் போட வேண்டிய குளிசை. அவர் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டு பாணைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா விடுவதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி கைக்கு வந்த பிறகுதான் ஆள் ஒரு வாய் சாப்பிட்டார். ஆகவே தங்கச்சி, கடவுச்சீட்டு, குளிசை, கண்ணாடி, போன் சார்ஜர், மாற்று உடுப்பு, பிள்ளைகளுக்கு ஏதாவது கொறிக்க, எல்லாம் ஒரு தோள்பையில். அந்தப் பை மாமியின் அறையில் அவர் கண் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

காலையில் எட்டு, எட்டரைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம். அதே நாள் பின்னேரம் அடுத்த கூட்டம் ஏறுகிறது. அதற்குள் அத்தனை அறைகளையும் துப்புரவாக்கி, சாப்பாட்டுச் சாமான் ஏற்றி முடிக்க வேண்டும். மாமாவையும் மாமியையும் சாப்பாட்டுத் தட்டில் ஒரு ஜன்னல் பக்கம் இருத்திவிடுங்கள். உங்கள் நிறத்தைக் கூப்பிடும் வரைக்கும் நடைபாதையில் நிற்க வைக்காதீர்கள்.

ஜூலை 7, பின்னேரம்

விட்டுப்போன ஒன்று. சிங்கப்பூருக்குள் மின்னணு வருகை அட்டை ஒன்று நிரப்ப வேண்டும். முதல் முறை பிளேனில் போகும்போது நிரப்பியிருப்பீர்கள். கப்பலில் திரும்பி வரும்போது இன்னொருமுறை நிரப்ப வேண்டும், ஏனென்றால் நாட்டைவிட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். கடைசிக் கடல் நாளில் கப்பல் வைஃபையில் ஆறு பேருக்கும் இருந்து நிரப்பி முடியுங்கள். இறங்கும் வரிசையில் நின்று நிரப்புகிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஜூலை 9

பிளேன் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. பத்தரைக்குக் கட்டுநாயக்க என்றால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணியளவில் புறப்படும். அது நல்லது. காலை பதினொரு மணிப் பிளேனைப் பதிந்துவிட்டு மெரினா பே முனையத்தில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் கரை சேரப் பிந்தினால் அவ்வளவுதான். மத்தியானத்துக்குப் பிந்திய பிளேன்தான் எப்போதும் பதிய வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இப்போது முழுப் பகல் ஒன்று கையில் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். முனையத்தில் இருந்து டாக்சியில் சாங்கி விமான நிலையம் அரை மணித்தியாலம். அங்கே பெட்டிகளைக் காசு கொடுத்து வைக்க இடம் உண்டு. 2019இல் திறந்த ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்தில் இருந்து அருவி விழுகிறது, பிள்ளைகள் அதைச் சுற்றியே நிற்பார்கள். மாமா மாமிக்கு உட்காரும் இடம், குளிர், கழிப்பறை எல்லாம் கிட்ட. அதுவே போதும். வெயிலுக்குள் லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துப் போவது முதல் நாள் வேலை. கடைசி நாள் வேலையில்லை.

ஜூலை 10

வான் வேண்டாம், இரவு ரயில்தான் சுகம் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த ரயில் விருப்பம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறிப் படுத்தால் மாகோ, கல்ஓயா எல்லாம் நித்திரையிலேயே போய்விடும். கல்ஓயா சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்து அந்தப் பக்கம் போக, எங்களுடையது கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வரும். ஆனால் இந்தக் குடும்பத்துக்குச் சரிவராது. பத்தரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்கு முன் கோட்டைக்குப் போய்ச் சேரவே மாட்டார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டு முதியவர்கள், கப்பல் பெட்டிகள். நீர்கொழும்பில் படுத்துவிட்டு அடுத்த இரவு ரயில் என்றால் ஒரு பகல் வீணாகக் கொழும்பில் நிற்க வேண்டும்.

தனி ஆள், முதுகில் ஒரு பை, பிளேன் பகலில் இறங்குகிறது என்றால் ரயிலை விட நல்லது வேறு இல்லை.

ஜூலை 11

இரவு வானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய காரணம் ஒன்று. அதை நேற்று எங்கள் தெருவில் வான் ஓடும் ஒருவரோடு கதைத்த பிறகு எழுதுகிறேன். பயணிகளின் அலுப்பை மட்டும்தான் எல்லோரும் யோசிக்கிறோம். திருகோணமலையில் இருந்து உங்களை ஏற்ற வருகிற சாரதி, அன்று பகல் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி வந்தவர். வாகனத் தரிப்பிடத்தில் வானுக்குள் வெக்கையில் இரண்டு மணித்தியாலம் கண்ணை மூடியிருப்பார், அதுவும் நுளம்போடு. பிறகு அதே 250 கிலோமீட்டரை இருட்டில் ஓட வேண்டும். பிளேன் பிந்தினால் அந்தக் கொஞ்ச நித்திரையும் இல்லை. "எங்களைக் கேட்டால் ஓம் என்றுதான் சொல்லுவம், ஓட்டம் போயிடும் எண்ட பயம்" என்றார். இதைக் கேட்ட பிறகு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஹபரணை தாண்டினால் கந்தளாய் வரைக்கும் காட்டுப் பாதை. யானை ரோட்டைக் கடக்கும் இடம். வளைவில் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து நிற்கும்போதுதான் தெரியும், கறுப்பு உடம்பு இருட்டோடு இருட்டு. இந்த வருடம் பெப்ரவரி 20 விடியற்புறம் ஹபரணைப் பக்கம் ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. தண்டவாளத்தில் ஓடுகிற ரயிலுக்கே அந்த நிலை. தூக்கக் கலக்கத்தில் ஓடும் வானுக்கு என்ன?

ஆகவே முதல் நாள் எழுதியதோடு இதையும் சேருங்கள். விடுதியில் சாரதிக்கும் ஒரு கட்டில், இரவுச் சாப்பாடு. அல்லது அவரை மறுநாள் காலை நேரே விடுதிக்கு வரச் சொல்லுங்கள், அல்லது நீர்கொழும்பிலேயே வான் பிடியுங்கள். எப்படியோ, ரோட்டில் வெளிச்சம் இருக்கும்போது ஓட வேண்டும்.

ஜூலை 14

இப்போது "வெறும் ரோட்டு" கதை.

கப்பலில் இருக்கும்போது அம்மா அதிகம் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். எது எங்கே என்று தேடுவதும், அடுத்த சாப்பாடும், அடுத்த இறங்குதுறையும் என்று நாள் போய்விடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பட்டோங் கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகுகளில் மாற்றி ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுக்குள் கால் வைக்கும்போது என் கையை அம்மா பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

கதை வந்தது குருநாகல் தாண்டிய பிறகு. விடுதியில் நல்ல நித்திரை கொண்டு எழும்பி, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வெளிக்கிட்ட வான். மீரிகமையில் இருந்து குருநாகல் வரை 2022இல் திறந்த அதிவேகப் பாதையில் வந்ததால் அந்தத் துண்டு கண்மூடித் திறக்க முதல் போய்விட்டது. தம்புள்ளைக்கு முன் அம்மா தானாகத் தொடங்கினார். மலாக்கா நீரிணையில் இரவு மேல் தட்டில் நின்றபோது பார்த்த விளக்குகள். ஒன்றன் பின் ஒன்றாக, வரிசையாக, எல்லாம் கப்பல்கள். உலகத்திலேயே ஆகக் கூடக் கப்பல் ஓடும் கடல்பாதைகளில் அது ஒன்று என்று தம்பி சொல்லியிருந்தான். "எங்கட துறைமுகத்தில கப்பல் நிற்கும், அங்க கப்பல் போய்க்கொண்டே இருக்குது" என்றார். பிறகு அப்பாவோடு கல்யாணம் கட்டின புதிதில் மூதூருக்குப் படகில் போன கதை. நாங்கள் ஒருவரும் அதற்கு முன் கேட்காத கதை. இரண்டு குடும்பத்துக்கும் சரிவராத கல்யாணம் அது, படகில் அப்பாவின் தாய் ஒரு பக்கமும் அம்மா மறு பக்கமும் இருந்தார்களாம். மூதூர் சேரும் வரை இருவரும் கதைக்கவில்லை. இறங்கும்போது மாமியார்தான் முதலில் கை நீட்டினாராம்.

சித்தி அழுதுவிட்டார். சாரதி வானொலியைத் தானாகவே குறைத்துவிட்டார்.

இரவு வானில் வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. எல்லோரும் வாயைத் திறந்து நித்திரை, வீட்டில் பெட்டியை இறக்கினால் மறுநாள் உடுப்புத் தோய்ப்பு, சந்தை, மின்கட்டணம். கண்டதை மனம் அடுக்கி வைப்பதற்கு ஒரு பகல் வேண்டும், அந்தப் பகல் வீட்டில் கிடைக்காது. ரோட்டில்தான் கிடைக்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

ஜூலை 14, இரவு

கந்தளாயில் தயிர்ச் சட்டி வாங்க நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: கட்டாயம். கப்பலில் எத்தனை வகை இனிப்பு வைத்தாலும், சட்டியைச் சாய்த்தால் விழாத எருமைத் தயிரும் பாணியும் அங்கே கிடையாது. ஆனால் சட்டியைப் பெட்டிகளுக்கு மேல் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். பாலம்போட்டாற்றுப் பக்கம் சடாரென்று பிரேக் போட்டால் தெரியும்.

ஜூலை 19

துறைமுகத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் கிடக்க, ஏன் கட்டுநாயக்கவும் சாங்கியும் என்று. இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது.

உல்லாசக் கப்பல் இங்கே வராமல் இல்லை. அஷ்ரப் இறங்குதுறையில் வந்து கட்டுகின்றன. 2023 ஜூன் 5 சென்னையில் இருந்து எம்பிரஸ் என்ற கப்பல் வெளிக்கிட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றும் பயணத்தைத் தொடங்கியது. 1990இல் கட்டிய கப்பல், பல வருடம் அமெரிக்கப் பக்கம் ஓடியது. அந்த வருடம் அதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன சனம் எவ்வளவு!

ஆனால் அதில் வந்தவர்கள் காலையில் இறங்கி, கோணேசர் கோயில், மார்பிள் கடற்கரை பார்த்துவிட்டுப் பின்னேரம் ஏறிப் போகிறவர்கள். வந்து பார்த்துப் போகும் துறைமுகம் வேறு, பயணம் தொடங்கி முடியும் துறைமுகம் வேறு. இரண்டாவதற்குப் பெரிய குடிவரவு மண்டபம், ஆயிரக்கணக்கான பெட்டி அடுக்க இடம், கிட்டடியில் சர்வதேச விமான நிலையம், முதல் நாள் வந்து தங்க அறைகள், சாமான் ஏற்றும் லொறிகள் வந்து திரும்ப ரோட்டு எல்லாம் வேண்டும். சிங்கப்பூர் அதற்கென்றே மெரினா பே முனையத்தை 2012இல் திறந்தது, 2014இல் மரினா சவுத் பியர் ரயில் நிலையத்தைப் பக்கத்திலேயே கொண்டுவந்தது. எங்களிடம் ஆழம் இருக்கிறது, அமைதியான உள்கடல் இருக்கிறது. சீனன்குடாவில் ஓடுபாதையும் இருக்கிறது. மிச்சம் மனிதர் செய்ய வேண்டியது. என் அம்மாவின் வயதில் உள்ளவர்கள் ஓர்ஸ் ஹில்லில் இருந்து ஆட்டோவில் போய்க் கப்பல் ஏறி, அதே ஆட்டோவில் வீட்டுக்கு வரும் நாள் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஜூலை 20

நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலை ஏன் விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபப்படுகிறார். விடவில்லை, அது வேறு வகை. 2023 ஒக்டோபர் 14 தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட் 16 சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடுகிறது. நாலு மணித்தியாலக் கடல். அது போக்குவரத்து. ஆனால் கடல் தாண்டிப் போய்க் கடலாலேயே திரும்பி வருகிற சந்தோசம் எங்கள் சனத்துக்கு மறுபடி கிடைத்ததே, அதற்காக அந்தச் சேவை நிற்காமல் ஓட வேண்டும்.

ஓகஸ்ட் 17

கேள்வி கேட்ட தங்கச்சி போய் வந்துவிட்டார். நீர்கொழும்பில் தங்கி, பகலில்தான் வந்திருக்கிறார்கள். மாமா ஹபரணையில் ஓரமாக நின்ற யானையைப் பார்த்ததுதான் பயணத்தில் பெரிய விசயம் என்று ஊர் முழுக்கச் சொல்கிறாராம். நல்லது.

ஆனால் அவர் எழுதியிருக்கிற அடுத்த விசயத்துக்கு விரிவாகப் பதில் வேண்டும்: "மாமிக்கு இன்னும் தரை ஆடுதாம். கட்டிலும் ஆடுதாம். கப்பலில் ஒன்றும் இல்லை, ஒரு நாள் கூடச் சத்தி இல்லை. வானில் வரும்போதும் நல்லாத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் தொடங்கியது."

பயப்படாதீர்கள். அம்மாவுக்கும் இதேதான். வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணைப் பிடித்தார். சீமெந்துத் தரை, வெறுங்கால், வீடு அசையவில்லை. ஆனால் பெருவிரல்கள் இரண்டும் தரையை இறுக்கிக் கவ்விக்கொண்டிருந்தன, கப்பல் தட்டில் நின்றது போலவே.

காரணம் இப்படி. காதுக்குள் சமநிலை பார்க்கும் சின்ன உறுப்புகள் உண்டு. அரைவட்டக் குழாய்கள் மூன்று தலை திரும்புவதைச் சொல்லும், இன்னும் இரண்டு பைகள் மேலும் கீழும் பக்கமும் நகர்வதைச் சொல்லும். கண்ணும் பாதமும் கழுத்துத் தசையும் தங்கள் கணக்கைச் சொல்லும். கப்பலில் முதல் நாள் இவை ஒன்றோடு ஒன்று ஒத்துவராது, அதனால்தான் சிலருக்குச் சத்தி. இரண்டாம் மூன்றாம் நாளில் மூளை அந்த ஆட்டத்தின் தாளத்தைப் படித்து, அதை முன்கூட்டியே கழித்துவிடப் பழகும். இறங்கிய பிறகும் மூளை அப்படிக் கழிப்பதை நிறுத்தாது, ஆள் இறங்கியும் ஊஞ்சல் கொஞ்ச நேரம் ஆடுகிற மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும்.

வானில் நல்லாக இருந்து வீட்டில் தொடங்கியது என்றீர்களே, அதுதான் இதன் அடையாளம். வாகனம் ஓடும்போது குறையும், நின்றால் திரும்பும். சாதாரணத் தலைச்சுத்து இதற்கு எதிர்மாறு, வாகனத்தில் கூடும். பிளேனும் வானும் மாறி மாறி வந்ததால் மாமிக்கு அது மறைந்தே இருந்திருக்கிறது.

ஓகஸ்ட் 17, இரவு

மாமி கிணற்றடியில் குளிக்கிறவரா? அப்படியென்றால் இன்றைக்கே சொல்லிவையுங்கள். தலைக்கு வார்க்கும்போது கண்ணை மூடுவோம். கண் மூடினால் தரை நிலையாக இருக்கிறது என்று சொல்லக் கண் இல்லை, ஆட்டம் கூடும். ஈரச் சீமெந்தில் விழுந்தால் இடுப்பு. கொஞ்ச நாளைக்கு முக்காலி போட்டு இருந்து குளிக்கட்டும், யாராவது பக்கத்தில் நில்லுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குப் போட்டு விடுங்கள்.

படுத்தே கிடக்க விடவும் வேண்டாம். திருக்கடலூரில் பலநாள் படகில் போகும் அண்ணன் ஒருவரைக் கேட்டேன். கரை சேர்ந்தால் இரண்டு நாளைக்குத் தரை ஆடும், அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எங்களுக்கு நேரமில்லை, வலை காயப்போட நடக்கிறதிலேயே போயிடும் என்றார். நடப்பதுதான் மருந்து. காலையில் நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், அடிவானத்தைப் பார்த்து நடக்கட்டும், கண்ணுக்கு ஒரு நிலையான கோடு கிடைக்கும். ஈர மணல் கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும்.

ஓகஸ்ட் 21

மாமிக்கு இப்போது குறைவு, ஆனால் முழுக்கப் போகவில்லை என்கிறார். கடல் குமட்டலுக்குப் போடும் குளிசை மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அந்தக் குளிசைகள் கப்பல் ஏறும் முன் உதவும், இறங்கிய பின் வரும் ஆட்டத்துக்குப் பொதுவாக உதவுவதில்லை. வயதானவருக்கு நித்திரை மயக்கம் மட்டும் வரும், அதோடு எழும்பி நடந்தால் விழுவார்.

இரண்டு நாளைத் தாண்டினாலே ஆபத்து என்று இல்லை. சிலருக்கு வாரக்கணக்கில் இழுத்துத் தானாகப் போகும். ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் வைத்தியர்கள் அதை நீடித்த நோய் என்று எடுப்பார்கள். மால் டெ டெபார்க்மான் என்பார்கள். நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். நியூயோர்க் மவுண்ட் சைனாயில் ஒரு குழு, சுற்றிலும் நகரும் கோடுகளைப் பார்க்க வைத்து, அதே நேரம் தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துச் சாய்த்து, காதையும் கண்ணையும் மறுபடி பழக்கும் முறையை 2014இல் வெளியிட்டது. பார்த்த 24 பேரில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது. மாமிக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன், ஆனால் மாதம் தாண்டினால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் "கப்பலால் இறங்கிய பிறகு தொடங்கியது, வாகனத்தில் குறைகிறது" என்ற இரண்டு வார்த்தையையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம், கழுத்தெலும்பு என்று எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இது வேறு: ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், இதுவரை வராத மாதிரித் தலையிடி, திடீரென்று ஒரு காது கேளாமை. இதில் ஒன்று இருந்தாலும் கப்பலைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஓகஸ்ட் 22

ஒரு யோசனை கூடவே ஓடுகிறது. ஆட்டம் வானில் மறையும் என்றால், இரவோடு இரவாக வீட்டுக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு அது எப்போது தெரியும்? விடிய ஐந்து மணிக்கு, இருட்டில், நித்திரை இல்லாத உடம்போடு, வாசல்படியில். கையில் வேறு பெட்டி. விடுதியில் ஒரு இரவு தங்கினால் முதல் ஆட்டம் அங்கேயே தெரிந்துவிடும், வெளிச்சமான அறை, பக்கத்தில் ஆட்கள். அம்மாவுக்கு விடுதிக் குளியலறையில் லேசாக இருந்ததாம், எங்களுக்குச் சொல்லாமல் சுவரில் கை வைத்துக்கொண்டு சமாளித்தாராம். போன கிழமைதான் சொன்னார். அதனால் விடுதியில் காலையில் முதியவர்களைக் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஓகஸ்ட் 30

மாமி நல்ல சுகம். நேற்றுக் கோயிலுக்குத் தனியாக நடந்து போனாராம். தங்கச்சியின் வீட்டுக்காரர் அடுத்த வருடமும் நீர்கொழும்பில் தங்கியே வருவதாக எழுதச் சொன்னாராம்.

கடைசியாக இரவு ரயில் கேட்டவருக்கு. உங்கள் பிளேன் பகல் இரண்டு மணிக்கு இறங்குகிறது, தனி ஆள் என்கிறீர்கள், அப்படியென்றால் தாராளமாகப் போகலாம். ஆசனப் பதிவு 30 நாளைக்கு முன் திறக்கும், பள்ளி விடுமுறை என்றால் கெதியாக முடிந்துவிடும். நேரசூசியை அந்தக் கிழமையிலேயே இன்னொருமுறை பாருங்கள், மாறும். கோட்டையில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போய் ஏறுங்கள். தரை ஆடும் ஆளாக இருந்தால் கீழே இறங்கும்போது கைபிடியை விடாதீர்கள், மேடைக்கும் படிக்கும் இடையில் இடைவெளி பெரிது.